கடற்பேனும் சால்மன் குஞ்சுகளும்

பேன் என்றதும் தலையில் ஊரும் பேனே எவருக்கும் நினைவில் வரும். கடலிலும் பேன் உண்டு. பெயரால் பேனாயினும், இனத்தால் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. சால்மன் மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு அதன் தோலையும் குருதியையும் உண்டு வாழ்கிறது. வளர்ந்த மீனுக்குச் சில பேன்களால் பெருந்தீங்கு இல்லை. சிறு குஞ்சுக்கோ ஒன்றிரண்டே எமனாகிவிடும்.

அங்ஙனமாயின் சால்மன் இனம் நெடுங்காலமாக அழியாமல் இருந்தது எவ்வாறு? கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில் காணப்படும் இளஞ்சிவப்புச் சால்மன் இதற்கு விடை கூறும். அதன் ஆயுள் 2 ஆண்டுகளே. இலையுதிர் காலத்தில் பெற்றோர் மீன்கள் ஆறேறி, முட்டையிட்டபின் மடிகின்றன. அவற்றோடு வந்த பேன்களும் நன்னீரில் மடிகின்றன. வசந்தத்தில் குஞ்சுகள் கடலுக்கு இறங்குகின்றன. அப்பொழுது அவை ஒரு கிராம் எடைகூட இரா, செதிளும் முளைத்திராது. அந்நாளில் வளர்ந்த சால்மன்களில் பெரும்பாலானவை தொலைவில் ஆழ்கடலில் இருக்கும். இக்கால இடைவெளியே குஞ்சுகளுக்குக் காவல்.

மீன் பண்ணைகள் வந்தபின் இக்காவல் தளர்ந்தது. வலைக்கூண்டுகளில் இலட்சக்கணக்கான சால்மன்கள் ஆண்டு முழுவதும் கரையோரத்திலேயே வளர்க்கப்படுகின்றன. ஆறேற வரும் காட்டுமீன்களிடமிருந்து அவற்றைப் பற்றும் பேன், குளிர்காலத்திலும் பெருகுகிறது. பெண்பேன் ஒருமுறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றிலிருந்து வெளிப்படும் நுண்ணுயிர்கள் வலைக்கண் வழியே நீரோட்டத்தில் மிதந்து, அவ்வழியே செல்லும் குஞ்சுகளைப் பற்றுகின்றன.

அம்மாநிலத்தின் பிராட்டன் தீவுக்கூட்டத்தில் 2001 ஆம் ஆண்டு குஞ்சுகளின்மேல் பேன் மிகுந்து காணப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36 இலட்சமாக இருந்த, ஆறு திரும்பிய இளஞ்சிவப்புச் சால்மன்களின் தொகை, 2002 இல் ஏறத்தாழ 1,47,000 ஆகச் சுருங்கிற்று. 2003 வசந்தத்தில், குஞ்சுகள் செல்லும் வழியிலிருந்த சில பண்ணைகள் வெறுமையாக விடப்பட்டன. அவ்வாண்டு குஞ்சுகளின்மேல் பேன் குறைந்தது.

இச்சால்மன்களின் தொகை இயல்பாகவே ஏறியிறங்குவது. ஆதலின் வீழ்ச்சிக்குப் பேன்தான் காரணமா என்பதில் அறிஞர்கள் மாறுபட்டனர். 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு பேனையே குற்றஞ்சாட்டியது. 2010 இல் வந்த மற்றோர் ஆய்வு அதனை மறுத்தது. 2011 ஆய்வு பண்ணைப் பேனுக்கும் காட்டுமீனின் இறப்புக்கும் தொடர்பு உண்டென மீண்டும் காட்டியது. தீவனத்தில் மருந்து கலந்து பேனைக் கொல்வதும் உண்டு. ஆயின் நாளடைவில் சில இடங்களில் பேன்கள் அம்மருந்தைத் தாங்கப் பழகிவிட்டன.

சால்மனை வழிவழி உணவாகக் கொண்ட பூர்வகுடி மக்கள் வாளாவிருக்கவில்லை. 2018 இல் மூன்று பூர்வகுடிச் சமூகங்களும் மாநில அரசும் செய்த உடன்பாட்டால், பிராட்டனில் பல பண்ணைகள் படிப்படியாக மூடப்பட்டன. அம்மாநிலக் கடலில் திறந்த வலைக்கூண்டுகளில் சால்மன் வளர்ப்பது 2029 சூன் 30 உடன் முடிவுறும் எனக் கனடா அரசு 2024 இல் அறிவித்தது.

பேனும் சால்மனும் பன்னெடுங்காலம் ஒரே கடலில் வாழ்ந்தவையே. குஞ்சு வளர்ந்து வலுப்பெறும் வரை பேன் அதனை நெருங்காதிருந்த அச்சில மாதங்களே அவ்வினத்தைக் காத்தன. மீன் வளர்ப்போர் மீண்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதும் அம்மாதங்களையே.