கலிங்கு அடைபட்டால்
உடலின் கணக்கு – 14

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள் புதுக்கோட்டைப் பக்கம். சொத்தைப்பல் வலித்தால் தாடைக்கு அடியில் கட்டும். தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் வற்றிவிடும். இந்த நெறியால் பயமில்லை. வலியே இல்லாமல், வாரக்கணக்கில் வற்றாமல், மெல்லப் பெரிதாகிற நெறியைத்தான் கவனிக்க வேண்டும். நம் ஊரில் முதல் சந்தேகம் டி.பி. மேல் போகும். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் அது நியாயம்தான். ஆனால் சிலருக்கு அது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று. லிம்போமாக்களில் பெரும்பாலானவை, ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்களில் பிறப்பவை.

சென்ற வாரம், லிம்போமாவில் அளவுக்கு மீறி வேலை செய்யும் மரபணுக்களைப் பார்த்தோம். ‘மிக்’ செல்லை ஓயாமல் பெருக்கும். ‘பிசிஎல்2’ சாக வேண்டிய செல்லைச் சாகவிடாது. இந்த வாரம் காணாமல் போகும் மரபணுக்கள். என் கணிப்பில் நோயின் போக்கை அதிகம் தீர்மானிப்பவை இவைதான்.

1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா நோயாளிகள் 48 பேரின் விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதிகள்: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. புற்றை அடக்கும் மரபணுவில் ஒரு பிரதி கெட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டும் போனால்தான் கட்டி. நம் மாவட்டத்தில் இதைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. கண்மாய்க்கு, உபரிநீர் வெளியேற இரண்டு கலிங்கு இருந்து ஒன்று தூர்ந்துபோனால், அந்த மழைக்காலத்தில் யாருக்கும் அது தெரியாது. மற்றதும் அடைபட்ட வருஷம்தான் கரை உடையும். நட்சன் சொன்ன மரபணுவை (ஆர்பி1) 1986இல் பிரித்தெடுத்தார்கள்.

அடக்கி மரபணுக்களில் தலையாயது, 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் டிபி53. அது உருவாக்கும் பி53 புரதத்தை 1979இல் கண்டுபிடித்தார்கள். புற்றை வளர்ப்பதே அதுதான் என்று பத்து வருஷம் நம்பினார்கள். சோதனைக்கூடங்களில் வைத்திருந்தது பழுதுபட்ட பிரதி என்பது பிறகுதான் தெரிந்தது. 1989 வாக்கில் தீர்ப்பு தலைகீழானது. டிஎன்ஏ உடைந்தால் செல் பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்க வைப்பது பி53. பழுது தீராவிட்டால் செல்லைச் சாகச் சொல்வதும் அதுவே.

பி செல்லில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? உடலில் தன் டிஎன்ஏவைத் தானே வேண்டுமென்று வெட்டிக்கொள்ளும் செல்கள் சிலவே. பி செல் அவற்றில் ஒன்று. புதுக் கிருமி வந்தால், நெறி என்று நாம் சொல்லும் நிணநீர் முடிச்சுக்குள் இருக்கும் முளைமையத்தில் பி செல்கள் வெறிபிடித்தாற்போல் பெருகுகின்றன. ஏஐடி என்ற நொதி அவற்றின் ஆன்டிபாடி மரபணுக்களில் எழுத்துகளை மாற்றிக்கொண்டே போகும். பொருத்தமான ஆன்டிபாடி கிடைக்கும் வரை இந்தத் தேடல் ஓயாது. பி53 முழு விழிப்போடு இருந்தால், டிஎன்ஏ சேதத்தைக் கண்டதுமே இந்தச் செல்களைக் கொன்றுவிடும். அதனால் பிசிஎல்6 என்ற புரதம் பி53ஐத் தற்காலிகமாக அடக்கிவைக்கிறது. வேலை முடிந்ததும் பிசிஎல்6 விலக வேண்டும். அதாவது, நோய் எதிர்ப்புக்காக உடல் தெரிந்தே ஏற்கும் ஆபத்து இது. நம்மைக் காப்பாற்றும் ஏற்பாட்டுக்குள்ளேயே லிம்போமாவுக்கும் வழி இருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அந்தத் தற்காலிகம் நிரந்தரமாகும்போது நோய் தொடங்குகிறது. மிக் மரபணுவை பி செல்களில் முடுக்கிவிட்ட சுண்டெலிகளை 1985இல் உருவாக்கினார்கள். அவற்றுக்கும் லிம்போமா வர மாதக்கணக்கில் ஆனது. மிக் தறிகெட்டு ஓடினால் பி53 எழுந்து அந்தச் செல்லைக் கொன்றுவிடுவதே காரணம். அதே சுண்டெலிக்குப் பிறவியிலேயே டிபி53இன் ஒரு பிரதி இல்லையென்றால் சில வாரங்களில் கட்டி வந்தது. கட்டியைப் பரிசோதித்தால் மிச்சமிருந்த பிரதியும் போயிருந்தது. நட்சன் கணக்கு அப்படியே.

இன்னும் பல இழப்புகள் உண்டு. 9ஆம் குரோமோசோமில் சிடிகேஎன்2ஏ, 6ஆம் குரோமோசோமில் அழற்சிச் சமிக்ஞையை அணைக்கும் ஏ20, பி செல்லை முதிரவைக்கும் பிளிம்ப்1. பீட்டா2 மைக்ரோகுளோபுலினை இழந்த செல், கொல்ல வரும் டி செல்களின் கண்ணுக்கே தப்பிவிடும்.

இதெல்லாம் நோயாளிக்கு எதற்கு? சிகிச்சைக்குத்தான். பெரிய பி செல் லிம்போமாவுக்கு வழக்கமான ஆர்-சாப் மருந்துக்கூட்டில் சைக்ளோபாஸ்ஃபமைடும் டாக்சோரூபிசினும் டிஎன்ஏவைச் சிதைப்பவை. சிதைந்ததைப் பார்த்துச் செல்லைச் சாகச் சொல்வது பி53. அது இல்லாத இடத்தில் மருந்து தன் வேலையைச் செய்தும் பயன் குறைகிறது. (அந்தக் கூட்டில் உள்ள வின்கிரிஸ்டின், நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. அது டிஎன்ஏவைத் தொடாமல், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளைக் குலைக்கும்.) பி செல் குடும்பத்தைச் சேர்ந்த நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியாவில் இந்த அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. 17இன் குட்டைக் கை தொலைந்திருந்தால் பழைய கீமோ ஊசிகளை நம்பாமல், பி53இன் தயவு அதிகம் தேவைப்படாத இப்ருடினிப் வகை மாத்திரைகளுக்குப் போகிறார்கள்.

சிகிச்சை என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எழக் காரணமானவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இன்று மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராகவே பலருக்கு அவரைத் தெரியும். மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது தொண்டைமான் மன்னர் அனுமதி கொடுத்தார். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அன்று கத்தியும் கதிர்வீச்சுமே பிரதானம். இன்று எந்த மரபணு தொலைந்தது என்று பார்க்க முடிகிறது. ஆனால் பார்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

ஆகவே ஒரு வேண்டுகோள். வற்றாத நெறிக்கு ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. முடிந்தால் முழு நெறியையும் எடுத்து பயாப்ஸி செய்யக் கேளுங்கள். லிம்போமா என்று உறுதியானால், 17ஆம் குரோமோசோம் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். பயாப்ஸிச் சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்பது அதைத்தான். சென்னைக்கோ வேலூருக்கோ போகும்போது அறிக்கையோடு அந்தப் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். தேவைப்படும் சோதனைகள் பலவற்றை அதிலிருந்தே செய்துவிடலாம்.

(தொடரும்)