நீரின் நடமாட்டத்தை அளக்கும் ஸ்கேன்

கருப்பை வாய்ப் புற்றுநோயை உறுதி செய்வது பயாப்சிதான். ஆனால் ஓரிடத்தில் கிள்ளியெடுத்த துணுக்கு முழுக் கட்டியின் குணத்தையும் காட்டிவிடும் என்று சொல்ல முடியாது. ஊசியோ கத்தியோ படாமல் கட்டி முழுவதையும் ஆராய ஒரு வழி இருக்கிறது: டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.

உடலுக்குள் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. உடல் வெப்பநிலையில், தடையில்லாத நீரில், ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு மூலக்கூறு ஏதேனும் ஒரு திசையில் சுமார் 17 மைக்ரோமீட்டர் நகரும். ஏறக்குறைய ஒரு செல்லின் அகலம் அது! அதனால்தான் செல் சவ்வுகள் குறுக்கிடுவதை இந்த ஸ்கேனால் உணர முடிகிறது. ஸ்கேனர் அனுப்பும் முதல் காந்தத் துடிப்பு நீர் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும். அடுத்தது அந்தக் குறியை அழிக்கும். இடையில் நகராத நீரில் குறி முழுதாக அழிந்து சமிக்ஞை பலமாகத் திரும்பும். நகர்ந்த நீரில் சமிக்ஞை மங்கும். ஸ்டெய்ஸ்கல், டானர் என்ற ஆய்வாளர்கள் 1965இல் வகுத்த இந்த உத்தியை 1980களில் மருத்துவப் படமாக்கியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸின் டெனி லெ பிஹான்.

புற்றில் செல்கள் நெருக்கியடித்து வளர்வதால் நீருக்கு அசைய இடமில்லை. ஒரு படத்தில் கட்டி வெள்ளையாக ஒளிரும். நகர்வின் அளவைக் காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தில் அதே இடம் கருத்திருக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நீர் தேங்கிய இடமும் முதல் படத்தில் வெளுத்துத் தெரியக்கூடும். வரைபடத்தில் அது கருப்பதில்லை.

செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பதே புற்றின் தரம். முற்றிலும் உருமாறிய கட்டிகளில் ஏ.டி.சி. சராசரியாகக் குறைகிறது. ஆனால் தரத்துக்குத் தரம் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறவும் செய்கின்றன. ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தரம் சொல்வது தவறு என்பதே என் கருத்து. அந்த ஓர் எண்ணைத் தாண்டிப் பார்க்க வேறு முறைகளும் உண்டு. ஐ.வி.ஐ.எம். முறை நுண்குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அசைவைத் தனியே பிரிக்கிறது. குர்டோசிஸ் முறை நீரின் நகர்வு இயல்பான பரவலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கிறது. திசு சிக்கலாகச் சிக்கலாக அந்த அளவு உயரும்.

தரத்தைப் போலவே பரவலும் முக்கியம்: கட்டி கருப்பை வாயைத் தாண்டிவிட்டதா என்பதைப் பெரிதும் பொறுத்தே அறுவையா, கதிர்வீச்சும் கீமோவுமா என்று முடிவாகும். இப்படிப் புற்றின் நிலையைக் குறிக்கும்போது ஸ்கேன் முடிவுகளையும் கணக்கில் எடுக்கலாம் என்று சர்வதேச மகளிர் நோய், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2018இல் வழிசெய்தது. சிகிச்சை தொடங்கிய பிறகும் டிஃப்யூஷன் ஸ்கேனுக்கு வேலை உண்டு: செல்கள் மடிய மடிய நீருக்கு இடம் கிடைத்து, கட்டி சுருங்கித் தெரியும் முன்பே ஏ.டி.சி. ஏறத் தொடங்கும்.