கடைத் தொட்டியில் பாசி: காரணம் அறிந்து களைவோம்



நம்மில் பலர் கல்லாவுக்கு அருகில் வண்ண மீன் தொட்டி வைத்திருக்கிறோம். அழகுக்காகச் சிலர், வாஸ்துவுக்காகச் சிலர். இரண்டு மாதம் போனால் செடிகளின் இலைமேல் பச்சை நூலாகவும் கறுப்பு மயிராகவும் பாசி படர்ந்துவிடுகிறது. மளிகைக் கடையின் சுத்தத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் சரக்கை நம்புகிறார். தொட்டி நாறினால் பருப்பையும் சந்தேகிப்பார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள எங்கள் கடையிலும் இந்தத் தொல்லை வந்தது. யாரோ சொன்னார்கள் என்று மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினோம். மறுநாள் காலை கடை திறந்தபோது மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு. போதாததற்கு, செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடும். அவசரத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

பாசி வியாதி அல்ல. வரவு அதிகமாகி, செலவு குறைந்ததன் அடையாளம். வெளிச்சமும் கழிவும் மிகுந்து, அவற்றைச் செடிகள் எடுத்துக்கொள்ள முடியாதபோது மிச்சம் பாசிக்குப் போகிறது. எனவே செய்ய வேண்டியவை:

1. கடை திறந்தது முதல் அடைப்பது வரை தொட்டி விளக்கு எரிய வேண்டாம். நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். நேர் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்கக் கூடாது.

2. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். கடைப் பையன், முதலாளி, வரும் குழந்தைகள் என்று ஆளுக்கு ஒரு பிடி போட்டால் மிஞ்சியது அழுகிப் பாசிக்கு உரமாகும்.

3. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள்.

4. பாசி கனத்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். நூல் பாசியைக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். வேகமாக வளரும் வேலம்பாசி போன்ற செடிகளை நட்டால் அவை கழிவுச் சத்தை முந்தி உறிஞ்சிக்கொள்ளும்.

5. புதுச் செடி சென்னை கொளத்தூரிலிருந்து வந்தாலும் உள்ளூரில் வாங்கினாலும், அலசி, இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கை அடுக்குவோமா?

பாசியைத் தின்னும் என்று சக்கர் மீனை விற்கிறார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும். அதன் கழிவே பாசிக்கு உணவாகும். வளர்ந்ததும் மூக்கனேரி போன்ற ஏரிகளில் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குக் கேடு செய்யும் மீன் அது.

இவற்றைக் கடைப்பிடித்த பிறகு ஒன்றரை மாதத்தில் எங்கள் தொட்டி தெளிந்தது. மருந்துச் செலவு ஒரு பைசா இல்லை. கணக்கைத் தினமும் பார்ப்பவனுக்குக் கடன் ஏறாது; தொட்டியைத் தினமும் பார்ப்பவனுக்குப் பாசி ஏறாது.