நியாயஸ்தலத்துக்குக் கூரை போடுவது யார்?

தறிச்சத்தத்தோடு பொழுது விடிகிற ஆரணியில், கூலிப் பாக்கியும் பாகப்பிரிவினையும் பணமின்றித் திரும்பிய காசோலையும் முற்றி வியாஜ்யமாகும்போது, ஜனங்கள் ஏறுவது உள்ளூர் நீதிமன்றப் படிகளைத்தான். அந்தப் படிகளைக் கட்டிய பணம் தாம் செலுத்திய கோர்ட்டுக் கட்டணமே என்று வாதி நினைத்தால், அது நியாயமான நினைப்பே ஆனாலும் சரியானதன்று. பண வழக்குகளுக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்து 2017-இல் மூன்று ரூபாயாகக் குறைக்கப்பட்ட அக்கட்டணம், மாநிலத்தின் பொதுக் கஜானாவில் ஏனைய வருமானங்களோடு கலந்துவிடுகிறது.

கீழ்க்கோர்ட்டுக் கட்டடங்களுக்கென மத்திய சர்க்கார் 1993-94-இல் ஒரு திட்டம் வகுத்தது. ஆதியில் சரிபாதியாக இருந்த அதன் பங்கு, பின்னர் முக்கால் பங்காகி, 2015-16 முதல் நூற்றுக்கு 60 ஆயிற்று. மீதி 40 தமிழ்நாட்டின் பொறுப்பு. உயர்நீதிமன்றம் தேவையைத் தெரிவிக்க, அரசு நிர்வாக அனுமதி வழங்க, பொதுப்பணித் துறை மதிப்பீடு தயாரித்து டெண்டர் கோருகிறது. பாவு முழுவதையும் ஓட்டி முடித்த பிறகே தறியேற்றும் ஆரணி நெசவாளி இதன் பிறகு நடப்பதைப் பார்த்தால் திகைத்துப்போவார். ஏனெனில் இங்கே நூல் சிட்டம் சிட்டமாகத்தான் வருகிறது. முந்திய தவணை செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் மத்தியப் பங்கின் அடுத்த தவணை அசையும். கான்டிராக்டருக்கோ, பொறியாளர் டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து ‘எம்-புக்’ எனப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதினாலன்றி ஒரு பார்ட் பில்லும் பாஸாகாது. அதில் பிழை நேர்ந்தால் அழிக்கலாகாது, அடித்துவிட்டுச் சுருக்கொப்பமிட வேண்டும்.

மதிப்பீட்டைச் செலவு மீறுவதோ புதிதன்று. 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்ற மாளிகைக்கு ஒன்பதரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மதிப்பிட்டார்கள். முடிந்தபோது ஏறக்குறைய 13 லட்சம். அதன் செங்கல் வேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்கிறவர் யாரும் இன்று அந்தக் கணக்கைக் கேட்பதில்லை!

என் மனத்தை உறுத்துவது வேறு. நாட்டிலேயே அதிகமாக வழக்காடும் கட்சிக்காரர் அரசாங்கம். அந்தக் கட்சிக்காரரே நீதிபதியின் அறைக்கும் நாற்காலிக்கும் பணம் ஒதுக்குகிறார். நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்கச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 50-ஆம் ஷரத்து, கட்டட நிதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒதுக்கீடு தாமதித்தால் நீதிபதிகள் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும், அல்லது வழக்காகவே எடுத்து அரசுக்கு உத்தரவிட வேண்டும்.

2021-இல் அந்த மத்தியத் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டு, மொத்தம் 9,000 கோடி ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. வக்கீல்கள் கூடமும் கழிப்பறைத் தொகுதியும் பட்டியலில் ஏறியது அப்போதுதான். வாய்தாவுக்கு வந்து பகல் முழுதும் காத்திருக்கும் பெண்களைக் கேட்டிருந்தால், அவர்கள் 1993-லேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.