பனிச்சரிவு: நிலை 3 என்பது ‘நடுத்தரம்’ அல்ல

சுவிற்சர்லாந்தில் வளர்ந்த எங்கள் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் சிலர் இப்போது குளிர்காலத்தில் ஸ்கீயுடன், அல்லது பனியில் புதையாத அகன்ற காலணிகளுடன், குறியிடப்பட்ட தடங்களை விட்டு மலைக்குள் போகிறார்கள். “பனி மேலேயிருந்து விழுமாம், கவனம் ராசா” என்று தாய்மார் சொல்லி அனுப்புவதைக் கேட்டிருக்கிறேன். கவலை நியாயமானது. ஆனால் தடத்துக்கு வெளியே அகப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களேதான், அல்லது கூடப் போனவர்.

வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த நான் மிதிவெடியைத்தான் சொல்வேன். கால் வைக்கும்வரை நிலம் அமைதியாகக் கிடக்கும். மிதிவெடிக் காணிக்காவது மண்டையோட்டுப் பலகை நட்டார்கள். மலையில் அதுவும் கிடையாது. முன்னே யாரோ போன தடம் தெரிவதும் உத்தரவாதமில்லை. பத்துப் பேரைத் தாங்கிய சரிவு பதினோராவது ஆளோடு உடையலாம்.

பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு படை. முகிலில்லாத குளிர் இரவுகளில் மேற்பரப்பில் இறகு போன்ற பளிங்குகள் வளரும். பார்க்க அழகு. அதன்மேல் புதுப்பனி விழுந்தாலோ, காற்று பனியை அள்ளி வந்து குவித்தாலோ, அந்தப் பளிங்குகள் ஒட்டாத படையாக உள்ளே புதைந்துபோகும். ஒரு ஆளின் பாரத்தில் அது நொறுங்கினால் வெடிப்பு பக்கவாட்டில் ஓடும். மேலேயிருக்கும் பலகை முழுவதும் கழன்று வழுக்கும். இதற்குச் சரிவு ஏறத்தாழ 30 பாகையாவது வேண்டும், வீட்டு மாடிப்படி அளவு. ஆனால் கீழே சமதரையில் நிற்பவரும் மேலேயுள்ள சரிவைக் கிளப்பலாம். காலடியில் ‘வும்’ என்று பனி அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து ஓடும் வெடிப்பு, அருகில் அண்மையில் விழுந்த சரிவு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான இடங்களுக்குப் போகக்கூடாது.

டாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிட்டு, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. தமிழில் இல்லை. ஆனால் இலக்கமும் நிறமும் போதும்: 1 பச்சை, 2 மஞ்சள், 3 செம்மஞ்சள், 4 சிவப்பு, 5 சிவப்பும் கறுப்பும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஐந்தில் மூன்று என்றால் பரீட்சையில் சுமாரான புள்ளி போலத் தோன்றும். அப்படியல்ல. ஆபத்து ஒவ்வொரு நிலைக்கும் பன்மடங்காக ஏறுகிறது. இறப்புகளில் ஏறத்தாழப் பாதி நிகழ்வது நிலை 3 அறிவிக்கப்பட்ட நாட்களில். நிலை 4இல் மக்கள் பயந்து வீட்டில் நிற்கிறார்கள். மூன்றில் வெயிலைக் கண்டு புறப்படுகிறார்கள்.

புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் தப்புகிறார்கள். அரை மணி நேரமானால் மூவரில் ஒருவர்தான். நின்றுபோன பனி சீமெந்து போல இறுகும். விரலைக்கூட அசைக்க முடியாது. மீட்பு உலங்குவானூர்தி 1414க்கு அழைத்தால் வரும், ஆனால் 10 நிமிடத்துக்குள் வந்து இறங்குவது அரிது. உயிர் கூட நிற்கும் நண்பர்களின் கையில். அதனால்தான் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் வேண்டும்: உடலோடு கட்டிய தேடற்கருவி, நீண்ட துழாவுகோல், சவள். ஒருவரிடம் மட்டும் இருந்து அவரே புதைந்துபோனால் என்ன பயன்? கருவியைப் பாவிக்கப் பழகவும் வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே கொண்டு போனவர்களையும் கண்டிருக்கிறேன்.

பிள்ளை புறப்படும் முதல்நாள் மாலை கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இன்றைய அறிக்கையில் அந்த இடத்துக்கு என்ன இலக்கம்? போகும் பாதையில் 30 பாகைக்கு மேல் எங்கே? சுவிஸ் அரச வரைபடத்தில் அத்தகைய சரிவுகளுக்கு நிறம் பூசியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் இலவசமாகப் பார்க்கலாம். எத்தனை பேர் போகிறீர்கள், எல்லாரிடமும் கருவி இருக்கிறதா? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?