காரில் 'டம் டம்' பாட்டு... வளைவில் வண்டி 'ஆப்'! ஆம்ப்ளிபையர் மாட்டும் முன் இதை கவனிங்க

கொல்லிமலை:-

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்தில் இருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிக்கும் வரைக்கும் டிரைவருக்கு துணை பாட்டுதான். செம்மேடு, சோளக்காடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று எந்தப் பக்கம் போகிற வண்டியாக இருந்தாலும் பாட்டு இல்லாமல் போவது அபூர்வம்.

சொந்தக் கார், வாடகைக் கார், ஜீப், வேன் எதுவானாலும் கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்டீரியோ சில மாதத்தில் சலித்துப் போகிறது. "பேஸ் பத்தலண்ணே, ஒரு ஆம்ப்ளிபையர் போட்டு, ஸ்பீக்கரையும் மாத்திக் குடுங்க" என்று கடையில் வண்டியை விடுகிறார்கள்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஒழுங்காக மாட்டினால் பாட்டு உண்மையிலேயே அருமையாக கேட்கும். அரைகுறையாக மாட்டினால்? சமவெளியில் ஓடும் வண்டிக்கு பாட்டு நிற்கும், அவ்வளவுதான். மலையில் ஓடும் வண்டிக்கு பேட்டரி போகும், ஹாரன் சத்தம் காதில் விழாது, கடைசியில் பிரேக் வரைக்கும் பிரச்சினை வரும். அதனால் காசு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

ஆயிரம் வாட்ஸ் என்பது நிஜமா?

அட்டைப்பெட்டி மேல் '1000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்கும் 'பீக்' அளவு. தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும் என்பதை சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ். பார்க்க வேண்டியது இதைத்தான்.

கம்பெனி ஸ்டீரியோவில் '50 வாட்ஸ் x 4' என்று எழுதி இருந்தாலும், தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்கு சுமார் 15 முதல் 20 வாட்ஸ்தான். வால்யூமை கூட்டினால் பாட்டு கரகரப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கணக்கும் பலருக்கு தெரியாது. வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கு' என்று தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காக கேட்க வேண்டும் என்றால் சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டியில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும். இந்த எண்ணை பார்த்து வாங்கினால் ஆம்ப்ளிபையர் காசு மிச்சம். பேட்டரிக்கும் பாரம் குறையும்.

முதலில் எதை மாற்றுவது?

கையில் காசு குறைவு என்றால் முதலில் முன் கதவு ஸ்பீக்கர் இரண்டை மட்டும் மாற்றலாம். பல கம்பெனி ஸ்பீக்கர்களில் இருப்பது பேப்பர் கோனும், சின்ன காந்தமும்தான். டுவீட்டர் சேர்ந்தே வரும் 'கோஆக்சியல்' ஸ்பீக்கரை அதே ஓட்டையில் மாட்டிவிடலாம். டுவீட்டர் தனியாக வரும் 'காம்போனென்ட்' செட்டில் பாட்டு இன்னும் தெளிவாக கேட்கும். ஆனால் வேலை அதிகம், கூலியும் அதிகம்.

கதவுத் தகரம் அதிர்ந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் தகர டப்பாவில் அடித்த மாதிரிதான் கேட்கும். கதவின் உள்பக்கம் ஒட்டும் 'டேம்பிங் ஷீட்' போட்டு, ஸ்பீக்கர் ஓரத்தில் இடைவெளி இல்லாமல் அடைத்தாலே பேஸ் கூடிவிடும். இதற்கு ஒரு வாட்ஸ்கூட கரண்ட் செலவில்லை.

இதற்கு மேலும் போதவில்லை என்றால்தான் ஆம்ப்ளிபையர். ஒரு ஸ்பீக்கருக்கு 50 முதல் 75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் 4 சேனல் ஆம்ப்ளிபையர் குடும்பக் காருக்கு தாராளம்.

வாங்கும்போது ஓம்ஸ் அளவையும் பார்க்க வேண்டும். காரில் வருவது பெரும்பாலும் 4 ஓம் ஸ்பீக்கர். இரண்டை ஒரே சேனலில் இணையாக சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். 2 ஓம் தாங்காத ஆம்ப்ளிபையர் சூடாகி தானாக நின்றுவிடும், இல்லையென்றால் கருகிவிடும்.

உயிர் காக்கும் பியூஸ்

ஆம்ப்ளிபையருக்கு கரண்ட் நேராக பேட்டரியில் இருந்து வர வேண்டும். ஸ்டீரியோவுக்கு போகும் மெல்லிய ஒயரில் சேர்த்துவிட்டால் ஒயர் சூடாகி உருகும்.

75 வாட்ஸ் வீதம் நாலு சேனல் என்றால் மொத்தம் 300 வாட்ஸ். முழு சத்தத்தில் 'கிளாஸ் டி' வகை ஆம்ப்ளிபையர் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். பழைய 'கிளாஸ் ஏபி' வகை 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மலை வண்டிக்கு கிளாஸ் டி நல்லது என்று சொல்வது இதனால்தான். இந்த அளவுக்கு 8 கேஜ் செம்பு ஒயர் வேண்டும். பின்னால் சப் ஊபர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 4 கேஜ். கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன் என்று அர்த்தம்.

இதில் ஏமாற்றும் நடக்கிறது. செம்பு பூசிய அலுமினிய ஒயரை செம்பு என்றே சிலர் விற்கிறார்கள். பிளேடால் இழையை சுரண்டினால் உள்ளே வெள்ளையாக தெரியும். அதே தடிமனில் அது செம்பு அளவுக்கு கரண்ட் தாங்காது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பியூஸ். பேட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். "ஆம்ப்ளிபையர்லயே பியூஸ் இருக்கே" என்று சொன்னால் நம்பக் கூடாது. அது ஆம்ப்ளிபையரைத்தான் காப்பாற்றும், ஒயரை அல்ல.

பேட்டரியில் இருந்து டிக்கி வரை நாலைந்து மீட்டர் ஒயர் தகர ஓட்டை வழியாகவும், மிதியடிக்கு கீழும் போகிறது. 70 வளைவில் ஆடி ஆடி ஏறும் வண்டியில் ஒயர் தகரத்தில் உரசி தோல் கிழிந்தால் 'ஷார்ட்'. பியூஸ் இல்லை என்றால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை தள்ளும். ஒயர் செக்கச்செவேல் என்று பழுத்து மிதியடி தீப்பிடிக்கும். பியூஸ் இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்ட் கட். ஒயர் தகரத்தை கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையமும் கட்டாயம்.

பியூஸ் போய்விட்டால் அதே ஆம்பியரில் புதுசுதான் போட வேண்டும். கம்பியை சுற்றி ஓட்டுவது தீயை விலை கொடுத்து வாங்குவது.

'கொய்ங்' சத்தம் ஏன்?

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று கேட்கிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை. எர்த் ஒயர் ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. பெயிண்டை சுரண்டி வெறும் தகரத்தில் இறுக்க வேண்டும். பாட்டு சிக்னல் வரும் ஆர்.சி.ஏ. ஒயரும் பேட்டரி ஒயரும் ஒரே பக்கமாக போனாலும் இந்த சத்தம் வரும். ஒன்று இடது பக்கம் என்றால் மற்றது வலது பக்கம் போக வேண்டும்.

ஆம்ப்ளிபையரில் இருக்கும் 'கெயின்' திருகை பலர் வால்யூம் என்று நினைத்து முழுசாக திருகிவிடுகிறார்கள். அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிபையரை பொருத்தும் திருகு. பேஸ், டிரபிள் இரண்டையும் நடுவில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, கெயினை மெதுவாக கூட்ட வேண்டும். பாட்டு கரகரக்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி கொஞ்சம் பின்னால் திருப்பினால் சரி. கரகரக்க ஓட்டினால் முதலில் போவது டுவீட்டர்.

பேட்டரி இறங்கினால் பிரேக் கட்டை

மலைக்கு போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஆகாய கங்கை பார்க்க வந்தவர்கள் இஞ்சினை நிறுத்திவிட்டு, டிக்கியை திறந்து பாட்டு போட்டு ஆடுவது உண்டு. சின்ன பெட்ரோல் காரில் இருப்பது சுமார் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஆம்ப்ளிபையர் சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி காலி. அதற்கு மேல் ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் சிலர் செய்யும் காரியம்தான் விபரீதம். "இறக்கத்துல உருட்டி விட்டா தானா ஸ்டார்ட் ஆயிடும்" என்று வண்டியை சரிவில் விடுகிறார்கள். இஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இல்லை. இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் கட்டையாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். சாவியை சரியாக திருப்பாவிட்டால் ஸ்டீயரிங் லாக்கே விழுந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் இந்த நிலைமை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மலையில் பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டி பேட்டரியில் இருந்து ஜம்பர் ஒயர் போட்டு எடுப்பதுதான் பாதுகாப்பு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

வண்டியை தொடாமலே காலையில் பேட்டரி இறங்கி இருந்தால் ஆம்ப்ளிபையரின் 'ரிமோட்' ஒயரை பார்க்க வேண்டும். ஸ்டீரியோ ஆன் ஆனால் மட்டும் ஆம்ப்ளிபையரை எழுப்பும் ஒயர் அது. அவசரத்தில் நேரடி கரண்டில் கொடுத்துவிட்டால் ஆம்ப்ளிபையர் ராத்திரி முழுவதும் விழித்திருக்கும். தொடர்ந்து 1 ஆம்பியர் போனாலும் ஒரே நாளில் 24 ஆம்பியர்-அவர் காலி.

ஹாரன் கேட்கணும்

கொல்லிமலை வளைவுகளில் எதிரே வரும் பஸ், லாரி கண்ணுக்கு தெரிவதற்கு முன் காதுக்குத்தான் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு பேஸ் அதிர ஓட்டினால் ஹாரன் சத்தம் உள்ளே வராது. மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஹாரனே கேட்காத டிரைவர் எப்படி வழிவிடுவார்? வளைவு ஆரம்பித்ததும் வால்யூமை குறைத்து, டிரைவர் பக்க கண்ணாடியை கொஞ்சம் இறக்கிக்கொள்வது நல்லது.

காதுக்கும் கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 88 என்றால் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். தினமும் வண்டியிலேயே இருக்கும் டிரைவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிபையர் பயன்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டை சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். மோட்டார் வாகன சட்டத்தின் 190(2) பிரிவில், சாலை பாதுகாப்பு, சத்தம், புகை தொடர்பான விதிகளை மீறினால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. 2019-ல் அபராதம் இந்த அளவுக்கு கூட்டப்பட்டது. ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு மலையில் வண்டிகள் குவியும்போது ராத்திரி ரோட்டோரம் டிக்கி பாட்டு போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

புது வண்டியா? உஷார்

2019 ஜூலை முதல் விற்கும் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் ஒயர்கள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதில் கை வைக்கக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் கண்ணாடி ஓரத் தூணில் டுவீட்டர் மாட்டுவதும் ஆபத்து. கம்பெனி ஒயரை வெட்டினால் வாரண்டியில் சிக்கல் வரலாம். அந்தந்த வண்டிக்கு என்றே 'கப்ளர்' கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டச் சொல்ல வேண்டும்.

கடையை விட்டு எடுக்கும் முன்

பில்லில் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எழுதி இருக்கிறதா, பானட்டை திறந்தால் பேட்டரி பக்கத்தில் பியூஸ் தெரிகிறதா, எர்த் நட்டு ஆடாமல் இருக்கிறதா, ஸ்டீரியோவை நிறுத்தினால் ஆம்ப்ளிபையர் லைட்டும் அணைகிறதா, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பேட்டரி ஒயர் கையில் சுடாமல் இருக்கிறதா? இந்த ஐந்தையும் சரிபார்த்த பிறகுதான் பாக்கி காசை கொடுக்க வேண்டும். ஐந்தும் சரி என்றால் 70 வளைவும் ஏறலாம், பாட்டும் கேட்கலாம்.