நிலக்கரியோடு எரியும் மருத்துவக் கழிவு

மருத்துவமனைக்கு நீராவி ஓயாமல் தேவைப்படுகிறது. அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கவும், துணி வெளுக்கவும், குளிர்நாடுகளில் கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கவும் அது வேண்டும். அதே வளாகத்தில் கழிவும் நாள்தோறும் குவிகிறது. இரண்டுக்கும் ஒரே உலை போதாதா? இந்த எண்ணத்தில்தான் 1990-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், லெபனான் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்காக, கழிவையும் நிலக்கரியையும் சேர்த்து எரித்து நீராவி எடுக்கும் திட்டம் தீட்டப்பட்டது.

கரி எதற்கு?

ஈரப் பஞ்சு, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் கலந்த கழிவு ஒரே சீராக எரியாது. நிலக்கரி சேர்ந்தால் வெப்பம் நிலைக்கிறது. அடியிலிருந்து வீசும் காற்றில் மணலும் எரிபொருளும் உலைச்சோறுபோலப் புரளும் கொதிகலனில் சுமார் 850 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். கிருமி எதுவும் அதில் பிழைக்காது. கூடவே சுண்ணாம்புக்கல் போட்டால் கரியின் கந்தகத்தையும் பெருமளவு பிடித்துக்கொள்ளும். இவை மெய்யான நன்மைகள்தாம்.

புகை ஆறும்போது

கிருமி செத்தால் ஆபத்து தீர்ந்துவிடாது. சலைன் குழாய், ரத்தப் பை போன்ற பிவிசி பொருள்களில் குளோரின் உண்டு. அவை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உருவாகலாம். கடும் வெப்பத்தில் சிதையும் அந்த நச்சு, புகை ஆறி 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் வழியில், பறக்கும் சாம்பல் துகள்மேல் மறுபடி உருவாகிறது. கொதிகலனின் வேலையே புகையின் சூட்டை உறிஞ்சி நீராவியாக்குவது. அதனால் புகை அந்த வெப்பநிலையில் கூடுதல் நேரம் தங்க வாய்ப்புண்டு.

டையாக்சின்களில் மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் உறுதிசெய்தது. அது கொழுப்பில் சேர்கிறது. பால், மீன், இறைச்சி வழியாக நம்மிடம் வருகிறது, தாய்ப்பாலிலும் கலக்கிறது. உடலில் பாதியளவு குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

உடைந்த வெப்பமானியின் பாதரசமோ எரிவதே இல்லை. ஆவியாகப் புகைபோக்கியில் ஏறிவிடும். நிலக்கரியிலும் பாதரசம் உண்டு.

பத்து விழுக்காடு

அமெரிக்கா 1997-இல் மருத்துவக் கழிவு எரியுலைகளுக்குக் கடும் வரம்புகள் விதித்தது. ஆனால் எரிபொருள் எடையில் கழிவு 10 விழுக்காட்டுக்கு மிகாமல் மற்ற எரிபொருளோடு சேர்த்து எரிக்கும் கூட்டு உலைகளை அந்த வரம்புகளுக்கு வெளியே விட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கரியைக் கூட்டினால் புகையில் நச்சின் செறிவு குறையலாம். கழிவிலிருக்கும் பாதரசத்தில் ஒரு துளியும் குறையாது. சாம்பலையும் வெறும் கரிச்சாம்பலாக எண்ணிச் செங்கல் செய்ய அனுப்பிவிட முடியாது.

எரிக்குமுன் பிரிப்போம்

மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவின் 2016 விதிகளின்படி உடல்திசு, ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்றவை மஞ்சள் பைக்கும், குழாய், ஊசியில்லாத சிரிஞ்சு போன்றவை சிவப்புப் பைக்கும் போக வேண்டும். சிவப்புப் பையை எரிக்கக் கூடாது. ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கித் துண்டுதுண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.

நோயாளிக்குத் துணையாக மருத்துவமனையில் தங்குகிறீர்களா? சாப்பாட்டுப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் தயவுசெய்து எரிக்கப்போகும் மஞ்சள் பையில் போடாதீர்கள்.